எலெக்ட்ரிக் கார் வாங்கப் போறீங்களா? எந்த டிரைவ், எந்த சீட் எடுக்கலாம்? மும்பைக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

வடாலாவில் வீடு, பிகேசியிலோ ஃபோர்ட்டிலோ வேலை. முதல் காரே எலெக்ட்ரிக்காக இருக்கட்டும் என்று முடிவு செய்து ஷோரூமுக்குப் போகிறீர்கள். எந்த கார் என்பதுகூட முடிவாகிவிட்டது. குழப்பம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஒரே கார், நான்கு விலைகள். ஒன்றில் ஃபேப்ரிக் சீட், இன்னொன்றில் லெதரெட். ஒன்றில் ஒரு மோட்டார், இன்னொன்றில் இரண்டு. "டாப் மாடல் லே லோ சர்" என்று சேல்ஸ்மேன் சிரித்தபடி சொல்கிறார்.

அந்த டாப் மாடலுக்கு நீங்கள் கூடுதலாகக் கட்டும் பணம் எவ்வளவு? 2025 ஜூனில் அறிமுகமான டாடா ஹாரியர் இவியை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். 75 கிலோவாட் ஹவர் பேட்டரியும் பின்சக்கர இயக்கமும் கொண்ட உயர் வேரியன்ட்டின் அறிமுக விலை 27.49 லட்சம் ரூபாய். அதே பேட்டரியுடன் நான்கு சக்கரங்களும் இயங்கும் மாடல் 28.99 லட்சம். இரண்டுமே எக்ஸ்-ஷோரூம் விலை. வித்தியாசம் 1.5 லட்சம். இதை 9% வட்டியில் 7 வருட லோனில் சேர்த்தால் மாதம் சுமார் 2,400 ரூபாய் இஎம்ஐ கூடும். முடிக்கும்போது அந்த ஒரு ஆப்ஷனுக்கு நீங்கள் கட்டியது 2 லட்சம் ரூபாயைத் தாண்டியிருக்கும்.

அந்தப் பணத்தை எங்கே போடலாம், எங்கே போட வேண்டாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இந்தியாவில் 'ஆப்ஷன்' என்று ஒன்று இருக்கிறதா?

வெளிநாட்டில் கார் வாங்குபவர்கள் இணையத்தில் உட்கார்ந்து சீட் நிறம், மோட்டார், சக்கரம் என ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுப்பார்கள். நம் ஊரில் பெரும்பாலும் அப்படிக் கிடையாது. எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி 'வேரியன்ட்' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். மஹிந்திராவின் பிஇ 6, எக்ஸ்இவி 9இ கார்களில் பேக் ஒன், பேக் டூ, பேக் த்ரீ என்று வரும். மோட்டாரின் சக்தியும் பேட்டரியோடு கட்டப்பட்டிருக்கிறது. 59 கிலோவாட் ஹவர் பேட்டரிக்கு 170 கிலோவாட் மோட்டார், 79 எடுத்தால் 210 கிலோவாட்.

மும்பையிலேயே இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தாராவியை ஒட்டி, மித்தி நதிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிகேசியில் 2025 ஜூலை 15 அன்று டெஸ்லா தன் முதல் இந்திய ஷோரூமைத் திறந்தது. அப்போது மாடல் ஒய் காரில் இரண்டே வகைகள்: 59.89 லட்சத்தில் ஒன்று, நீண்ட தூரம் போகும் வகை 67.89 லட்சத்தில். இரண்டுமே பின்சக்கர இயக்கம்தான். ஆல் வீல் டிரைவ் அப்போது இந்தியாவுக்கு வரவில்லை. ஆனால் சீட்டில் தேர்வு இருந்தது. கறுப்பு என்றால் கூடுதல் கட்டணம் இல்லை. கறுப்பும் வெள்ளையும் கலந்த உட்புறம் வேண்டுமானால் 95,000 ரூபாய் தனி. நிறத்துக்கு மட்டும்!

அறுபது லட்சம் நம்மில் பலருடைய பட்ஜெட் அல்ல என்பது தெரிந்ததுதான். ஆனால் கேள்வி அதேதான். வேரியன்ட் என்ற மூட்டையை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது, மோட்டாரையா, சீட்டையா, பேட்டரியையா?

முன்சக்கரம், பின்சக்கரம், நான்கு சக்கரம்: என்ன வித்தியாசம்?

டாடா நெக்ஸான் இவி, பஞ்ச் இவி, எம்ஜி வின்ட்சர், ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் க்ரெட்டா எலெக்ட்ரிக் ஆகியவை முன்சக்கர இயக்கம். மஹிந்திராவின் இரண்டு கார்களும் பின்சக்கர இயக்கம். தூத்துக்குடி ஆலையிலிருந்து வரும் வின்ஃபாஸ்ட் விஎஃப் 7 காரில் முன்சக்கர வகையும் உண்டு, உச்ச வேரியன்ட்டான 'ஸ்கை'யில் நான்கு சக்கர இயக்கமும் உண்டு.

பெட்ரோல் காரில் ஆல் வீல் டிரைவ் என்றால் இன்ஜினிலிருந்து பின்னால் வரை நீளமான ஷாஃப்ட் ஓடும். இவியில் அது கிடையாது. பின்னால் ஒரு மோட்டார், முன்னால் ஒரு மோட்டார். எந்த மோட்டாருக்கு எவ்வளவு சக்தி என்பதை கம்ப்யூட்டர் கண் இமைக்கும் நேரத்தில் மாற்றிக்கொண்டே இருக்கும்.

எலெக்ட்ரிக் மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு. பெடலைத் தொட்டவுடன் முழு முறுக்குவிசையும் வந்துவிடும். முன்சக்கர இயக்கத்தில், ஈரமான ரோட்டில், சிக்னல் விழுந்ததும் வேகமாக மிதித்தால் முன்சக்கரம் கொஞ்சம் சுழன்று நழுவும், ஸ்டியரிங்கும் லேசாக இழுக்கும். பின்சக்கர இயக்கத்தில் கார் கிளம்பும்போது எடை பின்பக்கம் சாய்வதால் பிடிமானம் நன்றாக இருக்கும், ஸ்டியரிங்கும் சுத்தமாக இருக்கும். 210 கிலோவாட் போன்ற பெரிய மோட்டார்களைப் பின்னால் வைப்பதற்கு இது ஒரு காரணம். நான்கு சக்கர இயக்கத்தில் இந்த இழுபறி எதுவும் இல்லை, அம்பு மாதிரி கிளம்பும். ஹாரியர் இவியின் நான்கு சக்கர வகை 100 கி.மீ. வேகத்தை 6.3 விநாடிகளில் எட்டும் என்கிறது டாடா.

ஓகே, அந்த 6.3 விநாடியை நீங்கள் எங்கே பயன்படுத்துவீர்கள்? சயான் சிக்னலிலா? வடாலாவிலிருந்து பிகேசிக்கு ஆபீஸ் நேரத்தில் போகிறவருக்கு பதில் தெரியும். ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் ஏறி ஃபோர்ட் போகிறவருக்குக் கொஞ்சம் ரோடு கிடைக்கும், அங்கேயும் வேகக் கட்டுப்பாடு இருக்கிறது. நகரத்துக்குள் முன்சக்கரமா பின்சக்கரமா என்பதை நூற்றில் தொண்ணூறு நாள் உங்களால் உணரவே முடியாது. உண்மையில் உணரப்போவது ரீஜென் பிரேக்கிங் எப்படி இருக்கிறது என்பதைத்தான். பெடலிலிருந்து காலை எடுத்தவுடன் கார் தானாக வேகம் குறைந்து, அந்த ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும் வசதி அது. சில கார்களில் அது நாசூக்காக இருக்கும், சிலவற்றில் பக்கத்து சீட்டில் இருப்பவர் தலை முன்னால் ஆடும். டெஸ்ட் டிரைவை ஞாயிறு காலை காலி ரோட்டில் எடுக்காமல், வேலை நாள் மாலையில் கிங்ஸ் சர்க்கிள் பக்கம் எடுத்துப் பாருங்கள்.

மழைக்கு ஆல் வீல் டிரைவ் வேண்டாமா?

மும்பையில் இதைக் கேட்காத ஆள் இல்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்த நகரம் இது. ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள், சயான் பக்கம் தண்ணீர் தேங்குவது இன்றைக்கும் செய்தி. அதனால் 'மழைக்கு நல்லது சார்' என்று சொல்லி இரண்டாவது மோட்டாரை விற்பது சுலபம்.

ஆனால் இங்கே இரண்டு வேறு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஆல் வீல் டிரைவ் உதவுவது கார் கிளம்பும்போதும் ஏறும்போதும் மட்டுமே. சேறான மண்பாதை, சஹ்யாத்ரி மலையில் ஈரமான செங்குத்து ஏற்றம், பனி. இங்கெல்லாம் அது தங்கம். பிரேக் போடும்போது அதற்கு எந்தப் பங்கும் இல்லை. எல்லா காருக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது, நிற்கும் தூரத்தை முடிவு செய்வது டயர். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் இரண்டு மோட்டார் என்ன, நான்கு மோட்டார் இருந்தாலும் நழுவும். இவிகள் எடை அதிகம், முறுக்குவிசையும் அதிகம் என்பதால் டயர் தேய்வதும் வேகம். மழைக்கு முன்னால், மே மாதமே டயரைப் பார்த்துவிடுவது இரண்டாவது மோட்டாரைவிட மலிவான பாதுகாப்பு.

தேங்கிய தண்ணீருக்கும் மோட்டார் எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே முக்கியம் கார் எவ்வளவு ஆழத் தண்ணீரைத் தாங்கும் என்பது. பல நிறுவனங்கள் பேட்டரிக்கு ஐபி67 சான்று உண்டு என்பார்கள். அது பேட்டரியை ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் அசையாமல் வைத்துச் செய்யும் சோதனை. வெள்ளத்தில் ஓட்டலாம் என்ற லைசென்ஸ் அல்ல. உங்கள் காருக்கான ஆழம் மேனுவலில் இருக்கும், அதை வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். தண்ணீர் புகுந்து பேட்டரி போனால் இன்சூரன்ஸ் என்ன சொல்லும் என்பதையும் அதே மேஜையில் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது மோட்டாருக்கு விலை தவிரவும் செலவு உண்டு. எடை கூடும், முன்புறம் கிடைக்கும் சின்ன டிக்கி சுருங்கும், நான்கு டயரையும் ஒரே அளவு தேய்மானத்தில் வைத்திருக்க வேண்டும். ரேஞ்ச் கொஞ்சம் குறையும். ஹாரியர் இவியில் ஆய்வுக்கூட அளவுப்படி 627 கி.மீ. என்பது 622 ஆகிறது. இது பெரிய இழப்பு அல்ல, நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

அப்போ பணத்தை எதில் போடலாம்?

பேட்டரியில். அதுவும் ஊருக்கு காரிலேயே போகிற ஆளாக இருந்தால் மட்டும்.

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இருக்கும் பல குடும்பங்களுக்கு ஊர் என்றால் திருநெல்வேலிப் பக்கம். மும்பையிலிருந்து புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூரு, சேலம், மதுரை வழியாக 1,600 கிலோமீட்டருக்கு மேல். ஒரு சின்ன கணக்கு போடுவோம். 100 கி.மீ.க்கு 17 யூனிட் குடிக்கும் பெரிய கார், 79 கிலோவாட் ஹவர் பேட்டரி. முழு சார்ஜில் கிளம்பி, 20 சதவீதம் வரும்போது நிறுத்தி, ஒவ்வொரு முறையும் 80 சதவீதம் வரை ஏற்றினால் வழியில் 5 நிறுத்தம். 45 கிலோவாட் ஹவர் பேட்டரியும் 15 யூனிட் செலவும் கொண்ட சின்ன கார் என்றால் 8 நிறுத்தம். குழந்தையோடும் வயதான அப்பா அம்மாவோடும் போகும்போது அந்த மூன்று நிறுத்தங்களின் அருமை தெரியும்.

மாறாக, தினம் 30 கி.மீ. ஓட்டம், ஊருக்கு ரயிலோ விமானமோ என்றால் 45 கிலோவாட் ஹவரே தாராளம். வாரம் ஒரு முறை சார்ஜ் போட்டால் போதும். வார இறுதியில் பக்கத்து சிவ்ரியில் ஏறி அடல் சேது வழியாக நவி மும்பை போய் வரலாம். 2025 ஆகஸ்ட் 22 முதல் எலெக்ட்ரிக் கார்களுக்கு அங்கே சுங்க விலக்கு அமலுக்கு வந்தது. மற்ற கார்கள் ஒரு வழிக்கு 250 ரூபாய் கட்டும் பாலம் அது.

இன்னொன்று. பேட்டரியையும் மோட்டாரையும் பின்னால் மாற்ற முடியாது. ஆர்டிஓ பதிவில் உள்ளபடிதான் வண்டி இருக்க வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் அதில் கறார். ஆனால் சீட்? அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள். பாதி உண்மைதான். மீதிப் பாதி உயிர் சம்பந்தப்பட்டது. அதற்கு வருவோம்.

'வீகன் லெதர்' என்பது என்ன?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்த விலையில் வரும் எலெக்ட்ரிக் கார்களில் 'லெதரெட்', 'வீகன் லெதர்', 'பிரீமியம் அப்ஹோல்ஸ்டரி' என்று என்ன பெயரில் வந்தாலும், பெரும்பாலும் அது துணியின் மேல் பிளாஸ்டிக் பூசிய பொருள். நம் வீட்டில் பெரியவர்கள் இதை ரெக்ஸின் என்பார்கள். பிரிட்டனில் ஒரு காலத்தில் விற்ற செயற்கைத் தோலின் பிராண்ட் பெயர், நம் ஊரில் பொருளின் பெயராகவே ஒட்டிக்கொண்டது. 2023 அக்டோபரில் மும்பை ரோட்டிலிருந்து விடைபெற்ற பத்மினி டாக்ஸியில் மே மாத மதியம் ஏறி, தொடையும் சீட்டும் ஒட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கோ உங்கள் அப்பாவுக்கோ இருக்கலாம். இன்றைய லெதரெட் அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அது ரெக்ஸினின் பேரப்பிள்ளைதான்.

இதில் இரண்டு ரகம் உண்டு. பிவிசி கெட்டியானது, தண்ணீருக்கு அஞ்சாது. வெயிலில் பல வருடம் நின்றால் மட்டும் விறைத்து வெடிக்கும். பியு என்கிற பாலியூரித்தேன் தொட்டால் மெத்தென்று நிஜத் தோல் மாதிரி இருக்கும். அதில் தரம் குறைந்த ரகங்களுக்கு எதிரி காற்றிலுள்ள ஈரம். வருடக்கணக்கில் ஈரம் ஏறி ஏறி, பூச்சு செதில் செதிலாக உரிய ஆரம்பிக்கும். சோபாவிலும் ஆபீஸ் நாற்காலியிலும் பார்த்திருப்பீர்கள். கடலும் நான்கு மாத மழையும் உள்ள ஊரில் இது சும்மா பயமுறுத்தல் இல்லை. எந்த ரகம், எத்தனை வருட வாரன்டி என்று கேளுங்கள். 'சீட் வியர் அண்ட் டியரில் வரும் சார்' என்ற பதில் வந்தால் அதை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

நிஜத் தோல் பற்றி மும்பைத் தமிழர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தாராவியில் தோல் பதனிடும் தொழிலை நடத்தியதிலும் அதில் உடலுழைத்ததிலும் தமிழர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பதனிடும் வேலை பின்னர் அங்கிருந்து வெளியேறியது. இன்று சயான்-பாந்த்ரா இணைப்புச் சாலைக் கடைகளில் விற்கும் பைகளுக்கும் ஜாக்கெட்டுகளுக்கும் தோல் வெளியூர்களிலிருந்தும் வருகிறது. 2015இல் மகாராஷ்டிரா அரசு காளை, எருது வெட்டுவதைத் தடை செய்த சட்டம் அந்தத் தொழிலை இன்னும் இறுக்கியது.

சுற்றுச்சூழலுக்காக இவி வாங்குகிறவர்கள் 'வீகன்' என்ற சொல்லைப் பார்த்ததும் நிம்மதி அடைகிறார்கள். விலங்கைக் கொல்லவில்லை என்பது சரி. பச்சைப் பொருள் என்பது அதனாலேயே சரியாகிவிடாது, அது பெட்ரோலியத்திலிருந்து வந்த பிளாஸ்டிக். அதற்காகத் தோல் சுத்தமானது என்றும் இல்லை. வேலூர் பகுதித் தோல் ஆலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை அழுத்தமாக நிலைநாட்டியது. நடுவில் ஒரு வழியை சில நிறுவனங்கள் முயல்கின்றன. க்ரெட்டா எலெக்ட்ரிக் சீட்டில் மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக் பாட்டில் துணியும், சோளச் சாறு கலந்த செயற்கைத் தோலும் இருப்பதாக ஹூண்டாய் சொல்கிறது.

ஃபேப்ரிக் கேவலமா என்ன?

இல்லவே இல்லை. மும்பைப் புழுக்கத்துக்கு உடம்பில் ஒட்டாதது, வெயிலில் நின்ற காரில் சுடாதது ஃபேப்ரிக்தான். அடிப்படை வேரியன்ட்டில் கிடைப்பதால் அதற்கு மரியாதை இல்லாமல் போய்விட்டது. அதன் பலவீனம் மழைக்காலம். நனைந்த உடம்போடு ஏறினால் தண்ணீர் உள்ளே போய்விடும். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு நாள் காரைத் தொடாமல் விட்டால் முதலில் வாடை வரும், பிறகு பூஞ்சை. மழை நாளில் வீட்டை நெருங்கும்போது சில நிமிடம் ஏசியை வெளிக்காற்று மோடில் ஓடவிடுவது, ரப்பர் மேட்டை எடுத்து உலர்த்துவது, சீட்டில் ஒரு டவல் விரிப்பது எல்லாம் பழகிக்கொள்ள வேண்டும்.

லெதரெட் எடுப்பதாக இருந்தால் வென்டிலேட்டட் சீட் உள்ள வேரியன்ட்டா என்று பாருங்கள். சீட்டில் சின்னச் சின்னத் துளைகள், உள்ளே ஒரு ஃபேன். முதுகு வியர்க்காது. ஃபேனுக்கு ஆகும் மின்சாரம் ஏசியோடு ஒப்பிட்டால் சொற்பம், அதனால் ஏசியை ஓரிரு டிகிரி கூட்டி வைத்தே ஓட்டலாம். நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் டிராஃபிக்கில் உட்காரும் ஆளுக்கு இரண்டாவது மோட்டாரைவிட இது பத்து மடங்கு பயன் என்பேன்.

வெள்ளை, ஐவரி உட்புறம் படத்தில் பிரமாதம். வெயிலில் கறுப்பைவிடக் குறைவாகச் சுடும் என்பதும் நிஜம். ஆனால் புது ஜீன்ஸின் நீலச் சாயம் ஒட்டும், தேங்காய் எண்ணெய்த் தலை ஹெட்ரெஸ்ட்டில் வட்டமாகக் கறை போடும். மாட்டுங்கா கோயிலிலிருந்து வரும்போது கையில் குங்குமம், ஹோலிக்கு மறுநாள் காதோரம் மிச்சமிருக்கும் கலர், எல்லாம் கணக்கில் வரும். கறை பட்ட அன்றே ஈரத் துணியும் மிதமான சோப்பும் போதும். சானிடைசர், தின்னர் வேண்டாம், அவை மேல்பூச்சையே அரித்துவிடும்.

சீட் கவர் போடுவதில் என்ன ஆபத்து?

பலரின் திட்டம் இதுதான்: ஃபேப்ரிக் வேரியன்ட் எடுத்து, மிச்சமாகும் பணத்தில் குர்லா சிஎஸ்டி ரோட்டிலோ வேறு ஆக்சஸரி கடையிலோ லெதரெட் கவர் மாட்டிவிடுவது. பணக் கணக்கில் அது புத்திசாலித்தனம். ஆனால் முன்சீட்டின் வெளிப்பக்கத் தையலைப் பாருங்கள். 'ஏர்பேக்' என்று ஒரு சின்ன லேபிள் இருக்கும். ஆறு ஏர்பேக் உள்ள கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் பெரும்பாலும் அந்த சீட்டுக்குள்தான் மடிந்திருக்கிறது. பக்கத்திலிருந்து இன்னொரு வண்டி இடிக்கும்போது, கண் சிமிட்டுவதற்குள் அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டு அது வெளியே வர வேண்டும். மேலே இறுக்கமாகத் தைத்த கவர் இருந்தால் தாமதமாக வரும், அல்லது தவறான திசையில் வரும். விலா எலும்புக்கும் கதவுக்கும் நடுவில் இருப்பது சில அங்குலம்தான்.

எனவே கவர் போடுவதென்றால் ஏர்பேக் பகுதியைத் திறந்து விட்டதா, அல்லது அந்த இடத்தில் எளிதில் பிரியும் தையல் உள்ளதா என்று பாருங்கள். நிறுவனத்தின் சொந்த ஆக்சஸரி பட்டியலில் அந்த மாடலுக்கென்றே கவர் இருந்தால் அதுவே நல்லது, விலை கூட இருந்தாலும். வென்டிலேட்டட் சீட் மேல் கவர் போட்டால் துளைகள் அடைபட்டு அந்த வசதி செத்துவிடும். சீட்டுக்கு அடியில் உள்ள வயர்களை யாரையும் வெட்டவோ ஒட்டவோ விடாதீர்கள். சீட் பெல்ட் எச்சரிக்கை, ஏர்பேக் சென்சார் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. கை வைத்தால் வாரன்டிக்கும் சிக்கல்.

டெலிவரி அன்று என்ன பார்க்க வேண்டும்?

ரிப்பன் வெட்டி போட்டோ எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முடிந்தால் பதிவுக்கு முன்பே, பகல் வெளிச்சத்தில். வடாலா ட்ரக் டெர்மினல் பக்கம் இருக்கும் மும்பை கிழக்கு ஆர்டிஓவில் எம்ஹெச் 03 நம்பர் விழுந்த பிறகு சீட்டில் கிழிசல் இருக்கிறது, வேரியன்ட் மாறிவிட்டது என்று சொன்னால் காரை மாற்றித் தருவது கிட்டத்தட்ட நடக்காத காரியம். இன்வாய்ஸில் உள்ள வேரியன்ட் பெயர், பேட்டரி அளவு, டிரைவ் வகை மூன்றும் நீங்கள் புக் செய்ததுதானா என்று ஒப்பிடுங்கள். எல்லா சீட்டிலும் உட்காருங்கள், தையலைக் கையால் தடவிப் பாருங்கள், வென்டிலேஷனை மூன்று நிலையிலும் ஓடவிட்டுக் கேளுங்கள். ஷோரூம்காரர்கள் 'ஃப்ரீ' என்று முன்கூட்டியே மாட்டி வைத்திருக்கும் சீட் கவர் இருந்தால், அதைக் கழற்றச் சொல்லி அடியில் இருக்கும் நிஜ சீட்டையும் அந்த ஏர்பேக் லேபிளையும் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.